முன்னால் ஏறிய வக்கீல்

மேனி ரெசெண்டஸ் செத்துப்போனபோது ஊர்ப் பத்திரிகை நாலு வரி போட்டது. வக்கீல், வயது அறுபத்தாறு, மாதா கோயில் திருவிழாக் கமிட்டியில் இருந்தவர், மனைவி முன்னமே காலமானார், பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லையாம்! எனக்கு வந்ததே கோபம், பத்திரிகையைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அந்த மனிதரிடம் இருபத்து மூன்று வருஷம் டைப் அடித்தவள் நான். எங்கள் ஆபீஸ் அலமாரியைத் திறந்தால் நானூறு பிள்ளைகளின் பெயர் இருக்கும்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட நிர்வாகத்தில் அந்தப் பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். பாஸ்டனுக்குத் தெற்கே, ஆற்றோரத்தில், மூடிக்கிடக்கும் பஞ்சாலைகளும் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுகீசியக் குடும்பங்களும் உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனி அங்கே பிறந்தவர். என் பெயர் டெல்மா. நான் ஏழு வயதில் வந்தவள்.

மற்றப் பிள்ளைகளைப் போலப் படிக்க முடியாத பிள்ளைக்கு, அதற்கு ஏற்ற மாதிரிப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கென்று ஒரு திட்டம் எழுதுவார்கள். சட்டம் இருந்து என்ன? மேஜைக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துக்காரர்கள் எட்டுப் பேர் ஃபைலும் கையுமாக இருப்பார்கள். எதிர்ப்பக்கம் ஒரு தாய், தையல் ஃபேக்டரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பாதி புரியாத இங்கிலீஷில் தலையாட்டிக்கொண்டிருப்பாள். அந்தத் தாய்க்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவதுதான் மேனியின் தொழில்.

அவருக்கு ஆர்த்தூர் என்று ஓர் அண்ணன். இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முந்திய காலத்துப் பையன். பள்ளியில் சேர்த்த முதல் நாளே மதியம், "இவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் முப்பத்தோரு வருஷம், சாகும்வரை, சமையலறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். மேனி இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்க் காரணமே இல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கோர்ட்டு, கச்சேரி என்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்காது. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் கோயிலுக்கு எதிரே இருக்கும் பேக்கரியிலிருந்து எங்கள் இனிப்பு ரொட்டி ஒன்று வாங்கிப் போவார். வட்டமான, மஞ்சள் நிற ரொட்டி. கத்தியும் அவரே கொண்டுபோவார். அந்தப் பிள்ளையின் ஃபோட்டோவை மேஜை நடுவில் வைப்பார், ரொட்டியை வெட்டி எட்டுப் பேருக்கும் கொடுப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

"கேஸ் போட்டா ஒரு தடவை ஜெயிக்கலாம் டெல்மா. ஆனா அந்தப் புள்ள மறுநாள் அதே டீச்சர்கிட்டதானே போகணும்?" என்பார்.

"நீங்க வக்கீலா, ரொட்டி வியாபாரியா?" என்பேன் நான்.

"பொறாமை. உனக்கும் ஒரு துண்டு வேணும்னு நேராக் கேளேன்."

நக்கல் அடித்தேனே தவிர, அந்த ரொட்டி வேலை செய்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அவர் வழக்குப் போட்டது பத்துப் பன்னிரண்டு தடவை இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் பேசியே முடித்தார். பேச்சுக்குப் பேச்சு, வாக்குக்கு வாக்கு. அதுதான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

2009-ஆம் வருஷம் வசந்தத்தில் இடாலியா என்று ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். திரைச்சீலை தைக்கும் ஃபேக்டரியில் வேலை, புருஷன் இறந்து ஆறு வருஷம். கூடவே மகள் லியனோர், பதினெட்டு வயது. அந்தப் பெண் உள்ளே வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மேனியின் வக்கீல் சான்றிதழைத் தேதி, முத்திரை, கையெழுத்து உட்பட உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் உட்கார்ந்தாள்.

அவள் அப்படித்தான். எதைக் கொடுத்தாலும் படிப்பாள், படித்தது மறக்காது, பரீட்சையில் தொண்ணூறு வாங்குவாள். ஆனால் மழை பெய்தால் கையில் இருக்கும் குடையை விரிக்க வேண்டும் என்று தோன்றாது. தெருவைக் கடக்கத் தெரியாது. தெரியாத ஆள் பேசினால் காதைப் பொத்திக்கொள்வாள்.

"டாக்டர்," என்றாள் இடாலியா. எங்கள் ஆட்களுக்கு வக்கீலும் டாக்டர்தான். "இவ எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டாளாம். ஜூன் மாசம் சான்றிதழ் குடுத்து அனுப்பிடுவாங்களாம். அப்புறம் பள்ளிக்கூடம் கிடையாதாம்."

மேனியின் முகம் மாறிவிட்டது. இருபத்திரண்டு வயதுவரை பள்ளியில் இருக்க அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு. பள்ளி முடித்த சான்றிதழ் கையில் வந்துவிட்டால் அந்த உரிமை அன்றோடு சரி.

"இப்ப ஸ்கூல்ல என்ன சொல்லித்தராங்க அவளுக்கு?"

"பஸ் ஏறச் சொல்லித்தராங்க டாக்டர். அந்த ஒன்பதாம் நம்பர் பஸ். வாரத்துல ரெண்டு நாள், ஒரு டீச்சரம்மா கூடப் போய். கோயில் எதிர்ல பேக்கரி இருக்குல்ல, அங்க பெட்டி மடிக்கிற வேலை. ஓனர் நல்ல மனுஷன். 'தனியா வந்துட்டுத் தனியாப் போனா வேலை போட்டுத் தரேன், கூட ஒரு ஆளு வர்றதுன்னா என் கடையில நிக்க இடமில்லம்மா'ங்கிறார். டீச்சரம்மா சொல்றாங்க, இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும், ஆனா வந்துடுவாளாம்." கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. நான் போயிட்டா இவ யாரு கையைப் புடிச்சிட்டுப் போவா?"

அந்த இரண்டு மூன்று வருஷம்தான் வழக்கு. வேறொன்றுமில்லை.

வழி இருந்தது. வழக்குப் போட்டுவிட்டால், அது முடியும்வரை பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும், யாரும் அசைக்க முடியாது. ஆனால் சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் போட வேண்டும். பட்டமளிப்பு விழா ஜூன் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. நான் வெள்ளிக்கிழமை காலையிலேயே எல்லாவற்றையும் டைப் அடித்து, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, ஃபேக்ஸ் மெஷின் பக்கத்தில் தயாராக வைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு கரோல் விட்கம்மிடமிருந்து ஃபோன். அந்தப் பள்ளிக்கூட நிர்வாகத்தில் இந்தப் பிள்ளைகளின் விஷயத்தைப் பார்க்கிற பெரிய அதிகாரி அவள். மேனியும் அவளும் ஒரே மேஜையில் பதினைந்து வருஷமாக ரொட்டி தின்றவர்கள். மேனி ஃபோனை வைத்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"கேஸ் வேணாமாம் டெல்மா. பொண்ணு மத்தவங்களோட மேடை ஏறட்டும், கை குலுக்கட்டும், சான்றிதழ் வைக்கிற வெறும் அட்டையை மட்டும் குடுப்போம், உள்ள காகிதம் இருக்காதுங்கிறா. திங்கக்கிழமை உக்காந்து இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் திட்டம் எழுதிக்கலாமாம்."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"வாக்குக் குடுத்துட்டா."

"அந்த வாக்கை ஒரு காகிதத்துல எழுதி அனுப்பச் சொல்லுங்க மேனி. ரெண்டே வரி."

"கரோல்கிட்டயா? பதினஞ்சு வருஷம் ஆச்சு, இப்பப் போய் எழுதிக் கேட்டா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்."

"அப்ப இதையாவது ஃபேக்ஸ் பண்ணிடறேன். திங்கக்கிழமை வாபஸ் வாங்கிக்கலாம்."

"வேணாம்னா வேணாம். விடு."

நான் விட்டுவிட்டேன். ஊரில் எல்லாரிடமும் வாய் நீளுகிற நான் அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு, அந்தத் தாள்களை ஃபைலுக்குள் வைத்தேன். அவர் மாதா கோயிலுக்குத் திருவிழாச் சூப்புக்கு மாட்டிறைச்சி வெட்டப் போய்விட்டார். ஐந்து மணிவரை அந்த மெஷின் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கையெழுத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டு போட முடியும். போட்டு அனுப்பியிருக்கலாம்; திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதானே.

ஞாயிற்றுக்கிழமை இடாலியாவின் ஃபேக்டரிப் பெண்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். லியனோர் பெயரைக் கூப்பிட்டதும் அவர்கள் போட்ட சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டே மேடை ஏறினாள். தலைமையாசிரியரிடம் அட்டையை வாங்கியவள் கீழே இறங்கவில்லை. அங்கேயே அதைத் திறந்தாள். எழுத்தைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாதே. தன் முழுப் பெயரை, தேதியை, முத்திரையில் இருந்ததை, நாலு பேரின் கையெழுத்தை, மைக்குக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தாள். கூட்டம் கைதட்டியது. இடாலியா அழுதுகொண்டே சிரித்தாள்.

எனக்குப் பக்கத்தில் மேனி எழுந்து நின்றுவிட்டார். வெறும் அட்டை இல்லை, உள்ளே காகிதம் இருந்தது. "ஐயோ டெல்மா" என்றார், அவ்வளவுதான். விழா முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் போய், "லியனோர், அதைக் கொஞ்சம் என்கிட்டக் குடுக்கிறியா?" என்று கேட்டார். அவள் இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அது அவளுடையது, அவள் பெயர் போட்டிருந்தது. எப்படிக் கொடுப்பாள்?

திங்கட்கிழமை கரோல் ஃபோனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்து, "மேலிடத்து முடிவு மேனி, என் கையில இல்ல" என்றாள். அன்றைக்கே வழக்குப் போட்டோம். விசாரணை நடந்தது ஜனவரியில். பள்ளிக்கூடத்து வக்கீல், நேற்று மீசை முளைத்தவன், மேனி கொண்டுபோன ரொட்டியில் இரண்டு துண்டு தின்றுவிட்டு எழுந்து, "இவர்கள் ஆட்சேபம் என்று ஒரு வரி எழுதித் தந்தார்களா? விழாவுக்கு வந்து கைதட்டினார்கள்" என்றான். கரோலைக் கேட்டார்கள். அப்படி ஒரு ஃபோன் பேச்சு தனக்கு ஞாபகமில்லை என்றாள். ஞாபகமில்லையாம்! நாக்கு கூசவில்லை அவளுக்கு. விசாரணை அதிகாரி மேனியைக் கேட்டார், "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" மேனி எழுந்து நின்று, "இல்லை, அது என் தவறு" என்றார். பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தோற்றோம்.

தீர்ப்பைப் படித்துச் சொன்னபோது இடாலியா கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"டாக்டர், அந்தப் பொம்பளைய நான் நம்பல," என்றாள். "உங்களத்தான் நம்பினேன்."

வழக்கு நடந்த மாதங்களில் எங்களுக்குத் தெரியாத ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. பள்ளிக்கூட வேன் தினமும் காலை ஏழு பத்துக்கு அவர்கள் தெருமுனையில் நிற்கும். விழா முடிந்து, செப்டம்பரில் மறுபடி பள்ளி திறந்ததிலிருந்து லியனோர் தினமும் அந்தத் தெருமுனையில் பையோடு போய் நிற்கிறாள். பைக்குள் சான்றிதழ். வேன் வருகிறது, மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்கிறது, போய்விடுகிறது. இவள் எட்டு மணிவரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். பனியிலும் அப்படித்தான். இடாலியா அப்போது ஃபேக்டரியில் இருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு மேனி அந்தத் தெருமுனையில் நின்றார். காரில் போகவில்லை. "லியனோர், நாம பஸ்ல போவோம்" என்றார். ஒன்பதாம் நம்பர் வந்தது. மேனி முன்னால் ஏறி, கம்பியை மோதிர விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "வாம்மா" என்றார். அவள் பின்னால் ஏறினாள். கோயில் நிறுத்தத்தில் இறங்கி, பேக்கரியில் ஒன்பதரைவரை பெட்டி மடித்தாள், மேனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேஸ் ஃபைல் படித்தார். அப்புறம் இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். பள்ளிக்கூடம் தர வேண்டிய இரண்டு மூன்று வருஷத்தை அந்த மனிதர் தன் கையிலிருந்து தர ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் தொழிலில், ஒரு பிள்ளைக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் தினமும் தாளில் குறிக்க வேண்டும். என்ன செய்தது, எவ்வளவு உதவி தேவைப்பட்டது, நாளைக்கு அந்த உதவியை எவ்வளவு குறைப்பது. மேனி அதற்குக் கட்டம் போட்ட தாள் கேட்டார். நான் அடித்துக் கொடுத்தேன். மேலே: லியனோர் தனியாக ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் ஏறுவாள்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. சில்லறை போட, மணி அடிக்க, பின்கதவால் இறங்க, தெருவில் பச்சை விளக்குக்குக் காத்திருக்க எல்லாம் கற்றுக்கொண்டாள். ஆனால் முதலில் ஏறுவது மேனி. கம்பியில் இரண்டு தட்டு. "வாம்மா." ஒரு நாள் மாறவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேனி, நூறு மீட்டிங்ல நீங்களே மேஜையத் தட்டியிருக்கீங்க. 'கூட இருக்கிற ஆளு விலகலைன்னா புள்ள எப்ப நடக்கும்'னு. ஒரு ஆயாம்மா பாவம் அழுதே போச்சு. இப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"அடுத்த வாரம் நான் ஏறாம நிக்கிறேன்."

"போன மாசமும் அடுத்த வாரம்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டெல்மா, நான் ஏறாம நின்னு, அவளும் ஏறாம நின்னு, பஸ் கதவ மூடிட்டுப் போயிட்டா? வேன் போன மாதிரி? ஒரு தடவை என்னால ஏமாந்தவ. இன்னொரு தடவை அந்த முகத்தை என்னால பார்க்க முடியாது."

நான் வாதாடியிருக்க வேண்டும். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காப்பி போடப் போய்விட்டேன்.

2012 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அடக்கம். கோயிலில் உட்கார இடமில்லை. சக்கர நாற்காலியில் வந்தவர்கள், காதில் மெஷின் வைத்தவர்கள், பூசை நடுவில் எழுந்து நடந்தவர்கள், இப்போது மீசை தாடி வளர்ந்துவிட்ட அந்த நானூறு பேரில் எத்தனையோ பேர். கரோலும் வந்து கடைசி வரிசையில் நின்றாள். நான் அவளைப் பார்க்காத மாதிரிப் போனேன். செத்த வீட்டில் சண்டை வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

லியனோர் வரவில்லை. "வரமாட்டேங்கிறா டெல்மா," என்றாள் இடாலியா. "காலையில ஏழு பத்துக்குப் போய் நின்னவ, இன்னும் அங்கேயேதான் நிக்கிறா."

அடுத்த வாரம் அவர் மேஜையைக் காலி செய்தபோது அந்தத் தாள்கள் கிடைத்தன. இரண்டு வருஷத்துத் தாள்கள், அவருடைய பென்சில் எழுத்து. சில்லறை: தானாக. மணி: தானாக. இறங்குதல்: தானாக. ஏறுதல்: நான் முன்னால் ஏறினேன். அதற்குப் பக்கத்தில், உதவியைக் குறைப்பது எப்போது என்ற கட்டத்தில், "நாளை". புரட்டினேன். நாளை. நாளை. ஒவ்வொரு தாளிலும் அதே சொல். கடைசித் தாளில் வெள்ளிக்கிழமைத் தேதி, பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார்: "திங்கட்கிழமை, நிச்சயம்." நான் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, யாரும் இல்லாத ஆபீசில், வாய்விட்டு அழுதேன்.

இப்போது காலை ஏழு பத்துக்கு நான் போகிறேன். முதல் நாள் பஸ் வந்தது, கதவு திறந்தது. லியனோர் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டிரைவருக்கு அவளைத் தெரியும், அவனும் காத்திருந்தான். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. நான் முன்னால் போய் ஏறிக் கம்பியைத் தட்டியிருந்தால் ஏறியிருப்பாளோ என்னவோ. என் கால் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டது. அப்புறம் நின்றுகொண்டேன். கதவு மூடியது, பஸ் போயிற்று.

மேனி எந்த முகத்தைப் பார்க்க முடியாது என்றாரோ அந்த முகத்தை நான் பார்த்தேன். சொல்கிறேன் கேளுங்கள், பார்க்கத்தான் முடியவில்லை. ஆனாலும் நின்றேன்.

"அவர் வரலை," என்றாள் லியனோர். அதுவரை யாரிடமும் அவளாகப் பேசியதில்லை.

"வரமாட்டாரும்மா. செத்துப்போயிட்டார்."

"பஸ் போயிடுச்சு."

"எட்டு மணிக்கு இன்னொன்னு வரும்."

எட்டு மணி பஸ்ஸும் வந்தது, போயிற்று. பதினேழு நாளாக இப்படித்தான். பேக்கரிக்காரர் இந்த மாதக் கடைசிவரை பார்க்கிறேன் என்றிருக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. இடாலியா ஃபேக்டரியிலிருந்து இடைவேளையில் எனக்கு ஃபோன் போட்டு, "ஏறினாளா?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்றால் வைத்துவிடுவாள். நான் தாளில் எழுதுகிறேன். ஏறுதல்: இல்லை. பக்கத்துக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறேன். இன்று காலை கதவு திறந்தபோது அவள் கையை நீட்டி, கம்பியை இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டிவிட்டு, அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "வாங்க" என்றாள். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரும் வரவில்லை. அவள் கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள், கதவு மூடியது, நாங்கள் இருவரும் எட்டு மணி பஸ்ஸுக்காக நின்றோம்.